படத்துக்குக் கட்டிய வேட்டி

அந்தப் படம் மதராஸிலிருந்து ரயிலில் வந்தது. ஆள் உயரம் இருக்கும். துணியில் ஒட்டி, மேலும் கீழும் உருளைக் கட்டை கோத்து, சுருட்டி வைக்கிற மாதிரி செய்திருந்தார்கள். தோலை உரித்த மனிதன் ஒருவன் கைகளை விரித்துக்கொண்டு நேராக நிற்பான். உடம்பின் ஒரு பாதியில் எலும்பும் தசையும் தெரியும். மறு பாதியில் இரத்தக் குழாய்கள். இருதயத்திலிருந்து போகிற தமனிகள் சிவப்பு, திரும்பி வருகிற சிரைகள் நீலம். அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எழுதிக் கேட்டு, நேரில் கேட்டு, கெஞ்சி, கடைசியில் சண்டை போட்டு வாங்கிய படம் அது. வந்த அன்றைக்கே சுவரில் மாட்டிவிட்டு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயிலில்கூட நான் அப்படிப் பொறுமையாக உட்கார்ந்ததில்லை.

அந்தச் சந்தோஷம் மறுநாள் காலைவரைக்கும்தான்.

காலையில் தாளாளர் வந்தார். பெரிய வீட்டு மனிதர், தேக்கு வியாபாரம், வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு. கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பள்ளிக்கூடத்தைத் தன் வீட்டுக் கல்யாணம் மாதிரி நடத்துவார். படத்துக்கு முன்னால் வந்ததும் செருப்புக்குள் தேள் கண்டவர் மாதிரி நின்றுவிட்டார்.

"டீச்சர், இது என்ன இது?"

"மனித உடம்புங்க."

"அது தெரியுது. ஒரு துணி இல்லாம நிக்கிறானே?"

"தோலே இல்லைங்களே. துணிய எதுமேல கட்டுறது?"

அவர் சிரிக்கவில்லை. "பொம்பளைப் பிள்ளைக படிக்கிற எடம். டிராயிங் மாஸ்டரைக் கூப்பிட்டு ஒரு வேட்டி கட்டி விடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றே நினைத்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால், டிராயிங் மாஸ்டர் ஸ்டூலில் ஏறி நின்று ஒட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைக் காகிதத்தில் அளவாக வெட்டி, மடிப்புக்குக் கோடு போட்டு, ஓரத்தில் பச்சை மையில் கரை வேறு. தொப்புளிலிருந்து முழங்கால்வரைக்கும் கச்சிதமாக மடித்துக் கட்டிய வேட்டி. ஒரு இருதயம் வரைந்து கொடுங்கள் என்று நான் கேட்டபோது மாங்காய் வரைந்து கொடுத்த மனிதர் அவர். வேட்டியை என்ன பிரமாதமாகப் போட்டிருந்தார்! பூச்சி அரிக்கக் கூடாது என்று மைதாப் பசையில் துத்தம் கலந்து காய்ச்சி, அழுத்தி அழுத்தித் தேய்த்து ஒட்டியிருந்தார்.

வேட்டிக்குள் என்ன போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. இடுப்பெலும்பு முழுசும் போயிற்று. மூத்திரப்பை போயிற்று. உடம்பிலேயே நீளமான எலும்பான தொடை எலும்பு போயிற்று. வயிற்றிலிருந்து இறங்கி, தொடையிடுக்கின் நடுவழியாகக் காலுக்குப் போகிறதே ஒரு பெரிய தமனி, சுண்டுவிரல் தடிமன், அதுவும் போயிற்று. அந்த வேட்டியால் என் கொழுந்தனின் உயிர் போகப் பார்த்தது. இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பள்ளிக்கூடத்தில் முதலுதவி வகுப்பு நடந்தது. பஸ் கண்டக்டர் வேலைக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும், மில்லில் சில வேலைகளுக்கும் கேட்பார்கள். அதனால் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் வந்து, பெண்பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். பாடம் நடத்த வேண்டியவர் ஒரு டாக்டர். முதல் வகுப்புக்கு வந்தார், இருதயம் ஒரு பம்பு என்றார், காப்பி குடித்தார், போனார். பிறகு ஆளையே காணோம். பூட்டைத் திறந்துவிட வந்த நான்தான் கையில் சாக்பீஸைப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. நானும் முறையாகப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கியவள்தான். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தாளாளரிடம் போய் நின்றேன். "ஞாயித்துக்கெழமை பிள்ளைகளே வர்றதில்லைங்க. வர்றவுக எல்லாம் ஆம்பளைக. ஆம்பளையைப் பார்க்க ஆம்பளைக்கு என்ன?"

"படம் திங்கக்கெழமையும் அங்கனதான டீச்சர் தொங்கும்?"

"சுருட்டி வச்சிடுறேன்."

"ஒட்டியாச்சே டீச்சர். இனிமே என்ன செய்றது?"

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் சுவரில் முட்டிக்கொள்ளத்தான் முடியும்.

படத்து மனிதனுக்கு வகுப்பில் மாப்பிள்ளை என்று பெயர் விழுந்துவிட்டது. மாப்பிள்ளையின் நுரையீரல் எங்கே, மாப்பிள்ளையின் கழுத்தில் எங்கே துடிக்கும் என்றுதான் பேச்சு. அதில் எனக்கு வருத்தமில்லை, பாடம் மண்டையில் ஏறினால் சரி. ஏறவும் செய்தது. மூச்சுக்குழல் முன்னால், உணவுக்குழல் பின்னால். நினைவில்லாதவன் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது மூச்சுக்குழலுக்குள் போய் ஆளைக் கொன்றுவிடும் என்று சொன்னேன். முதுகெலும்புக்குள் நரம்புக் கயிறு ஓடுகிறது, விழுந்தவனை மூட்டை மாதிரித் தூக்காதீர்கள் என்றேன். சிரையில் பட்டால் ரத்தம் கறுப்பாக வழியும், தமனியில் பட்டால் செக்கச் செவேலென்று துடித்துத் துடித்துப் பீய்ச்சும்; பீய்ச்சினால் காயத்துக்கும் இருதயத்துக்கும் நடுவில், எலும்போடு சேர்த்துக் குழாயை அமுக்குங்கள் என்றேன். கைக்கு எங்கே அமுக்குவது? மேல்கையின் உள்பக்கம். எல்லோரும் தங்கள் கையில் அமுக்கிப் பார்த்து, மணிக்கட்டில் நாடி நிற்கிறது என்று சின்னப்பிள்ளைகள் மாதிரி சந்தோஷப்பட்டார்கள்.

"காலுக்கு எங்க டீச்சர்?" என்று கேட்டார் கண்டக்டர் ஒருவர். திருப்பத்தூர் பஸ்ஸில் போகிறவர், வகுப்பில் கெட்டிக்காரர்.

நான் குச்சியை எடுத்தேன். குச்சி வேட்டியின் பச்சைக் கரையில் போய் நின்றது. "இதுக்குள்ள. தொடையிடுக்கின் நடுவில்" என்றேன்.

அவ்வளவுதான். பன்னிரண்டு தலையும் குனிந்துவிட்டது. ஒருவர் இருமினார். ஒருவர் வெளியே போய்விட்டு வருகிறேன் என்று எழுந்தார். என் முகத்தைப் பார்க்கவே முடியாமல் அந்தக் கண்டக்டர் சொன்னார்: "அத டாக்டர் வந்து சொல்லுவாக டீச்சர். நீங்க அடுத்த பாடத்துக்குப் போங்க."

"டாக்டர் எங்கய்யா வாராரு?" என்று கத்தினேன். ஒருவரும் நிமிரவில்லை. இரண்டு தடவை வாயால் விளக்கினேன். தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களிடம் எதை விளக்குவது? அந்தப் பாடம் அப்படியே போயிற்று. எல்லோரும் தேறினார்கள், எல்லோரும் சான்றிதழ் வாங்கினார்கள்.

வீட்டில் இதையெல்லாம் சொல்லிப் புலம்ப எனக்கு இருந்த ஒரே ஆள் என் கொழுந்தன்தான். என் வீட்டுக்காரரிடம் எதைச் சொன்னாலும் "விடு" என்பார், அதோடு சரி. கொழுந்தன் கல்லல் பக்கத்தில் எங்கள் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் சைக்கிளை நிறுத்தும்போதே ஆரம்பித்துவிடுவான். "என்ன மதினி, மாப்பிள்ளைக்கு இன்னக்கி வேட்டி தொவைச்சுப் போட்டாச்சா?" "ஏன் மதினி, சட்டை இல்லாம நிக்கிறானே, குளிராது?" நான் கரண்டியை ஓங்குவேன். என் மாமியார் உள்ளேயிருந்து, "ரெண்டு பேரும் சோத்தைத் தின்னுட்டுச் சண்டை போடுங்க" என்பார். மதினிக்கும் கொழுந்தனுக்கும் உள்ள பேச்சு அது. அந்த வீட்டில் எனக்கு மூச்சுவிட இருந்த சன்னல் அவன் வாய்தான்.

அந்த வருஷம் மாசி மாதம் எங்கள் வயலுக்குப் பக்கத்து ஊரில் மஞ்சுவிரட்டு. கொழுந்தன் மாடு பிடிக்கிறவன். வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற ஜாதியா? என் வகுப்பில் தேறியவர்களில் சிலர் மருந்துப் பையோடு பொட்டலில் நின்றார்கள், அந்தக் கண்டக்டரும் நின்றார். பெண்கள் எல்லோரும் கண்மாய்க் கரையில் நிறுத்தியிருந்த வண்டிகளில் இருந்தோம். நான் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

தொழுவிலிருந்து ஒரு செவலைக் காளை வந்தது. கொழுந்தன் பாய்ந்தான், திமிலைப் பிடித்தான், காளை ஒரு சுற்றுச் சுற்றி அவனைத் தூக்கி எறிந்தது. விழுந்தவன் எழுந்துவிட்டான். அங்கே அப்படித்தான். குத்துப்பட்டவன் படுத்துக் கிடந்தால் கேவலம். தன் காலால் நடந்து பொட்டலை விட்டு வெளியே வர வேண்டும், முடிந்தால் துண்டைச் சுற்றிக் காட்டிவிட்டு வர வேண்டும். இவனும் சுற்றிக் காட்டினான். சனம் விசிலடித்தது. மாமியார் "ஆத்தா, காப்பாத்திட்ட" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் அவன் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் சிவந்தது. ஊறிச் சிவக்கவில்லை. ஒவ்வொரு எட்டுக்கும் குபுக் குபுக்கென்று சிவந்துகொண்டே போயிற்று.

வண்டியிலிருந்து குதித்தேன்.

"ஏத்தா, எங்குட்டுப் போற? ஆம்பளைக நிக்கிற எடம்!" என்று மாமியார் கூப்பிட்டது காதில் விழுந்தது. ஓடினேன்.

நான் போவதற்குள் அவனை உட்கார வைத்திருந்தார்கள். ஒருவன் கலர் சோடா பாட்டிலை உடைத்து அவன் வாயில் வைத்துக்கொண்டிருந்தான். கண்டக்டர் காலடியில் முட்டி போட்டு முக்கோணத் துணியால் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லிக்கொடுத்த முடிச்சு. தட்டையாக, நெரடாமல், நுனியை உள்ளே செருகி, பார்க்க அவ்வளவு அழகான கட்டு. முழங்காலில் போட்டிருந்தார்! ரத்தம் அதற்கு மேலேயிருந்து வந்து, கட்டை நனைத்துக்கொண்டு கீழே ஓடியது.

"என்னய்யா செய்றீக?"

"கட்டுப் போட்டுட்டேன் டீச்சர், நிக்க மாட்டேங்குது."

"காயம் எங்க இருக்கு?"

"மேல டீச்சர்."

"மேலன்னா எங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "வேட்டிக்குள்ள."

கடவுளே! வகுப்பில் எங்கே நின்றாரோ அங்கேயே நிற்கிறார். படத்தில் வேட்டி முடிந்து முழங்கால் ஆரம்பிக்கிற இடத்தில்தான் அவருக்கு மனிதனின் கால் ஆரம்பிக்கிறது. அவரைத் திட்டி என்ன பிரயோசனம்? திட்டினேன், அது வேறு. கலர் பாட்டிலைத் தட்டிவிட்டேன். கொழுந்தனை மல்லாக்கப் படுக்க வைத்து வேட்டியை விலக்கினேன். தொடையின் உள்பக்கம், உயர, கொம்பு இறங்கிய வாய். செக்கச் செவேலென்று துடித்துத் துடித்து வந்தது. தொடையிடுக்கின் மடிப்பில், நடுவில், விரல் வைத்துத் தடவினேன். துடிப்பு கிடைத்தது. கட்டைவிரல் மேல் கட்டைவிரலை வைத்து, கையை மடக்காமல், என் உடம்பின் கனம் முழுசையும் இறக்கி, குழாயை இடுப்பெலும்போடு சேர்த்து அமுக்கினேன். பீய்ச்சல் தளர்ந்தது. வழிந்தது. அப்புறம் கசிவு மாத்திரம்தான்.

"துண்டை மடிச்சுக் காயத்துக்குள்ள வச்சு அமுக்குங்க. எடுத்து எடுத்துப் பார்க்காதீக" என்றேன். கண்டக்டர் செய்தார்.

சுற்றி நின்ற சனம் அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டது. ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னால் வந்தார். "இந்தாம்மா, எந்திரி. பொம்பள கை வைக்கிற எடமா அது? நாங்க பாத்துக்கிறோம்."

"எங்க அமுக்கணும்னு தெரிஞ்சவுக யாராச்சும் ஒருத்தர் வாங்க. நான் எந்திரிச்சுக்கிறேன்" என்றேன்.

ஒருத்தரும் வரவில்லை. பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கலிகாலம் என்றார்.

இவர்கள் யாரும் என்னைப் பயமுறுத்தவில்லை. கொழுந்தன்தான் பயமுறுத்தினான். அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் கண்ணை இறுக மூடியிருந்தான். ரத்தம் நிறையப் போனால் மூளைக்குப் போகிற ரத்தம் குறையும், ஆள் வெளுப்பான், வியர்ப்பான், நினைவு தப்பும். அப்படித் தப்பினால் நிலைமை கைமீறிப் போகிறது என்று நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். "கண்ணைத் தொற! என்னயப் பாரு! தம்பி, மதினி பேசுறது கேக்குதா?" என்று கத்தினேன். திறக்கவில்லை. கையை எடுக்க முடியாது, அவனை உலுக்க முடியாது. நெற்குப்பை என்கிற ஊரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த யாரோ ஒருவருடைய பிளசர் காரில் தூக்கிப் போட்டார்கள். நான் அதன் தரையில் மண்டிபோட்டு, அமுக்கிய விரலை எடுக்காமல், அழுதுகொண்டும் அவனைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டும் ஆஸ்பத்திரிவரைக்கும் போனேன். கண்ணைத் திறக்கவே இல்லை. "விடுங்கம்மா, நாங்க பிடிச்சுக்கிட்டோம்" என்று டாக்டர் சொன்ன பிறகும் என் விரல் நிமிரவில்லை, நர்ஸ்தான் பிரித்துவிட்டார்.

குழாய் முழுசாக அறுபடவில்லை, ஓரம் கிழிந்திருந்தது. தைத்தார்கள். பிழைத்தான். ஒரு கால் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான்.

பிழைத்ததைப் பற்றி ஊர் பேசியிருக்க வேண்டுமா இல்லையா? பேசவில்லை. நான் எங்கே கை வைத்தேன் என்பதைப் பற்றித்தான் பேசியது. தெருக் குழாயில் நான் குடத்தை வைத்தால் பேச்சு நிற்கும். மாமியார் அம்மனுக்குப் பொங்கல் வைத்தார், எனக்குச் சேலை எடுத்துக்கொடுத்தார், அன்றைக்கு ராத்திரியே சோறு போட்டுக்கொண்டு கேட்டார்: "எங்கன அமுக்கணும்னு அந்தக் கண்டக்டரு தம்பிட்டச் சொல்லியிருக்கலாம்ல? நீயேவா தொடணும்?"

"சொன்னேன் அயித்தை! வகுப்பு வச்சுச் சொன்னேன்! தலையக் குனிஞ்சுக்கிட்டாக!" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். என் வீட்டுக்காரர் "விடு" என்றார்.

தாளாளரும் கூப்பிட்டனுப்பினார். "நல்ல காரியம்தான் டீச்சர். இருந்தாலும் ஊரு நாலு விதமாப் பேசுது பாருங்க."

"அப்ப அந்த வேட்டிய இனிமேலாவது எடுத்துடலாங்களா?"

அவர் நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார். "அதுக்கும் இதுக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்?"

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். கொழுந்தனைத்தான் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் என்னோடு பேசவில்லை. நான் அடுப்படியில் இருந்தால் அவன் முற்றத்தில், நான் முற்றத்துக்கு வந்தால் அவன் கொல்லையில். நான் பள்ளிக்கூடம் போன பிறகு சாப்பிட்டான். மாப்பிள்ளை இல்லை, வேட்டி இல்லை, ஒரு கேலி இல்லை. மாதக்கணக்கில் இப்படி. உன் உயிரை என் இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு வந்தேனே, என் மூஞ்சியைப் பார்க்கக்கூடவா உனக்குப் பிடிக்கவில்லை என்று கேட்க வாய் வரும். கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன், அது எனக்குப் பிடிக்காது.

மழைக்காலத்தில் அடுத்த முதலுதவி வகுப்பு ஆரம்பித்தது. இரத்தப் போக்குப் பாடம் வந்த ஞாயிற்றுக்கிழமை நான் சீக்கிரமே போனேன். வேலை போனால் போகட்டும் என்று ஈரத்துணியை எடுத்து வேட்டியை நனைத்து உரித்தேன். சீராக வந்தது, முழுசாக வந்தது. வந்த பிறகு பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. படம் அச்சடித்த காகிதமே பசையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. தொப்புளுக்குக் கீழே முழங்கால்வரைக்கும் வெறும் வெள்ளைத் துணி. இடுப்பும் இல்லை, தொடையும் இல்லை, குழாயும் இல்லை. படுபாவி துத்தம் போட்டல்லவா காய்ச்சினான்! அந்தக் காகிதத்தைக் கையில் கசக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். துக்கமில்லை, ஆத்திரம்.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். கடைசியாக அந்தக் கண்டக்டர் வந்தார். அவர் தேறி முடித்தவர், வர வேண்டிய அவசியமே இல்லை. அவருக்குப் பின்னால், காலை இழுத்துக்கொண்டு, என் கொழுந்தன்.

வாசலில் நின்று படத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடியும் படத்தைப் பார்த்தான்.

"என்ன மதினி, மாப்பிள்ளைக்கு வேட்டி அவுந்துபோச்சு போல."

கையில் கசங்கிக் கிடந்த காகிதத்தைக் காட்டினேன். "உள்ள ஒண்ணுமில்லப்பா. எல்லாம் போச்சு" என்றேன்.

அவன் நேரே வந்து படத்துக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றான். வேட்டியை ஏற்றி, தழும்பு தெரிய, இடுப்பில் செருகிக்கொண்டான். "என் கால்ல காட்டுங்க. எங்க அமுக்குனீக? இவுகளும் பாக்கட்டும், நானும் பாத்துக்கிறேன்."

"ஒனக்குத் தெரியாதா எங்கனு?"

"நான் எங்க பாத்தேன்? கண்ண மூடிக்கிட்டுல்ல கெடந்தேன்."

"நீ மயங்கில்ல கெடந்த? கண்ண மூடுனது ஒனக்கு எப்படித் தெரியும்?"

அவன் தரையைப் பார்த்தான். காது மடல் சிவந்தது. "மயக்கம் ஒண்ணுமில்ல மதினி. நீங்க கத்துனது, திட்டுனது எல்லாம் கேட்டுச்சு. வெக்கம்."

"அடப் பாவி!" என்று கத்திவிட்டேன். "நீ போயிட்டேன்னு நெனச்சு வழியெல்லாம் அழுதுக்கிட்டு வந்தேனேடா!"

யாரும் சிரிக்கவில்லை. யாரும் இருமவில்லை. நான் அவன் பக்கத்தில் போய் மண்டியிட்டு, மடிப்பின் நடுவில் விரல் வைத்தேன். துடிப்பு நன்றாகக் கிடைத்தது. "ஒவ்வொருத்தரா வந்து தொட்டுப் பாருங்க" என்றேன். முதல் ஆளாகக் கண்டக்டர் வந்தார். கொழுந்தன் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.